உங்கள் நாளில் உங்களுக்கும் ஓர் இடம்

"கடைசியாக எப்போது இரத்தப் பரிசோதனை செய்தீர்கள்?"
"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?"
"அவசரமில்லாமல் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று?"

இந்த மூன்று கேள்விகளுக்கும் நம்மில் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அதற்கெல்லாம் எங்கே நேரம்?"

இது சாக்குப்போக்கு அல்ல. ஜொகூரில் வாழும் பலருக்கு இதுவே உண்மை நிலை. இருந்தாலும், நேரம் கிடைத்த பிறகு நம்மைக் கவனித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் அந்த நேரம் தானாக வருவதில்லை. இந்தக் கையேடு உங்கள் நாளில் உங்களுக்கென ஒரு சிறு நேரத்தை ஒதுக்கவும், அதை உங்களுக்கு ஏற்ற வேகத்தில் பயன்படுத்தவும் உதவும். இறுதியில் ஒரு வாரப் பயிற்சி உள்ளது. ஒரு பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. சூரியனுக்கு முன் தொடங்கும் நாள்

ஜொகூர் பாருவில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய காலை 7 மணிக்குத்தான் உதிக்கிறது. 1982-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னுக்கு நகர்த்தப்பட்டது. சிங்கப்பூரும் அதே நேரத்தைப் பின்பற்றியது. இதனால் கடிகாரம் 12 மணி காட்டினாலும், சூரியன் உச்சிக்கு வர நமக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.

அப்படியிருந்தும், விடியற்காலை 5 மணிக்கே ஜொகூர் பாலத்தை நோக்கி மோட்டார் சைக்கிள்கள் வரிசை பிடிக்கின்றன. 1924-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுதான் கூடுதல். ஆனால் நெரிசலையும் இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையையும் தாண்டி அந்த ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகும் நாள்கள் உண்டு. பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் முறைநேர வேலை செய்பவர்கள், செம்பனைத் தோட்டங்களில் விடியலில் இறங்குபவர்கள், இவர்கள் அனைவருக்கும் சமைத்துக் கொடுத்து அனுப்ப அவர்களுக்கு முன்பே எழுபவர்கள் என, ஒரே வீட்டில் பலருடைய நாள் இருட்டில் தொடங்கி இருட்டில் முடிகிறது.

கடிகாரத்தை மாற்றலாம். உடலுக்குத் தேவையான உறக்கத்தையும் ஓய்வையும் அப்படிக் குறைக்க முடியாது. அவற்றை நாம் தொடர்ந்து தள்ளிப்போட்டால், உடல் ஒருநாள் அதற்கான விலையைக் கேட்கும்.

2. தள்ளிப்போடுவதால் என்ன ஆகிறது?

2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்ப் பாதிப்பு ஆய்வு தரும் விவரங்களைப் பாருங்கள்:

• மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் உள்ளது. அதாவது, ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு. அவர்களில் ஐந்தில் இருவருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது.
• 18 முதல் 29 வயது வரையுள்ள நீரிழிவு நோயாளிகளில் 84 விழுக்காட்டினர் அதை அறியாமலேயே இருந்தனர்.
• 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளது.
• 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினர் மனச்சோர்வால் பாதிக்கப்பட்டிருந்தனர். 2019-இல் இது 2.3 விழுக்காடாக இருந்தது. நான்கே ஆண்டுகளில் இரு மடங்கு.

மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு நோயின் விகிதம் மற்ற இனத்தவரைவிடக் கூடுதலாக உள்ளது. எனவே இந்த எண்கள் நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. நம் வீட்டில், நம் சித்தப்பாவிடம், நம் அத்தையிடம் பார்த்த செய்தி.

நீரிழிவும் இரத்த அழுத்தமும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலி இல்லாததால் "எனக்கு ஒன்றுமில்லை" என்று நினைக்கிறோம். ஆறாத புண், மங்கும் பார்வை, சிறுநீரகப் பாதிப்பு, மாரடைப்பு என்று அவை வெளிப்படும்போது, நாம் மிச்சப்படுத்திய நேரத்தைவிடப் பல மடங்கு நேரத்தை மருத்துவமனையில் செலவிட வேண்டியிருக்கும். இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை பெறும் ஒருவர் பொதுவாக வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இயந்திரத்தின் அருகில் இருக்க வேண்டும். இன்று ஒதுக்கும் அரை மணி நேரத்தை அந்த மணி நேரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. சுயபராமரிப்பு என்றால் என்ன?

சுயபராமரிப்பு என்றதும் சிலருக்கு அழகு நிலையமும் விடுமுறைப் பயணமும் நினைவுக்கு வரலாம். வேறு சிலருக்கு, "குடும்பத்தைப் பார்க்காமல் தன்னை மட்டும் பார்த்துக்கொள்வது" என்று தோன்றலாம். இரண்டும் சரியல்ல.

உலகச் சுகாதார நிறுவனத்தின் விளக்கப்படி, தங்கள் உடல்நலத்தைப் பேணவும், நோயைத் தடுக்கவும், நோய் வந்தால் அதைச் சமாளிக்கவும் தனிமனிதர்களும் குடும்பங்களும் சமூகங்களும் பெற்றிருக்கும் திறனே சுயபராமரிப்பு. அந்த விளக்கத்தில் குடும்பமும் சேர்ந்தே இருக்கிறது. அம்மா தன் மருந்தை நேரத்தோடு சாப்பிட, அடுப்படி வேலையை மகன் ஏற்றுக்கொள்வதும் சுயபராமரிப்பில் அடங்கும்.

அன்றாட வாழ்வில் அதை ஐந்தாகப் பிரித்துக்கொள்ளலாம்: உறக்கம், உணவு, உடல் அசைவு, பரிசோதனை, மனமகிழ்ச்சி. ஐந்தையும் ஒரே வாரத்தில் சரிசெய்ய முயல வேண்டாம். முதலில் உங்கள் நேரக் கணக்கைப் பாருங்கள்.

4. முதலில் கணக்கு எழுதுங்கள்

சம்பளம் எங்கே போகிறது என்று தெரியாமல் சேமிக்க முடியாது. நேரமும் அப்படித்தான்.

எடுத்துக்காட்டாக, பிளெந்தோங்கில் வசித்து சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவர் காலை 4.15-க்கு எழுந்து 5 மணிக்குப் புறப்படுகிறார். இரவு 7.30-க்கு வீடு திரும்புகிறார். 11 மணிக்குப் படுக்கிறார். வீட்டுக்கு வெளியே பதினான்கரை மணி நேரம். உறக்கம் ஐந்தேகால் மணி நேரம். மாலையில் எஞ்சுவது மூன்றரை மணி நேரம். அதில் குளியல், சாப்பாடு, பிள்ளைகளின் பாடம் என இரண்டு மணி நேரம் போகிறது. மீதி ஒன்றரை மணி நேரம் அவர் கையில் கைப்பேசி இருக்கிறது.

நாள் முழுவதும் உழைத்தவர் கைப்பேசியில் ஒரு நகைச்சுவைக் காட்சியைப் பார்ப்பது குற்றமல்ல. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை உறக்கத்துக்கும், 15 நிமிடத்தை வீட்டுக்கு வெளியே நடப்பதற்கும் மாற்றினால், அவருடைய உறக்கம் ஆறேகால் மணி நேரமாகும். கைப்பேசிக்கும் 15 நிமிடம் இருக்கும். வேலையையும் பாலத்தையும் மாற்றாமலேயே இது நடக்கும்.

இல்லத்தரசியின் கணக்கு வேறு. குளுவாங்கிலோ கூலாயிலோ இரண்டு பிள்ளைகளையும் வயதான மாமியாரையும் கவனிக்கும் ஒரு பெண்ணுக்கு ஒன்றரை மணி நேரம் மொத்தமாகக் கிடைக்காது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அதிலும் யாராவது கூப்பிடுவார்கள். அவருக்கு நேரம் கிடைக்க வேண்டுமானால் இன்னொருவர் அந்த நேரத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். இதைப் பற்றி 7-ஆம் பகுதியில் பார்ப்போம்.

பயிற்சி: நேற்றைய நாளை மணிவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். வேலை, பயணம், வீட்டு வேலை, உறக்கம், கைப்பேசி, உங்களுக்கானது என்று ஆறு தலைப்புகள் போதும். "உங்களுக்கானது" என்பதற்கு எதிரே என்ன எழுதினீர்கள்? பூஜ்யம் என்றாலும் வெட்கப்பட வேண்டாம். தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

5. சிறிய அளவில் தொடங்குங்கள்

உறக்கம். பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேர உறக்கம் தேவை. இப்போது 5 மணி நேரம் தூங்குபவர் நாளையே 7 மணிக்குத் தாவ முடியாது. இந்த வாரம் 15 நிமிடம் முன்னதாகப் படுங்கள். அடுத்த வாரம் இன்னொரு 15 நிமிடம் சேருங்கள். இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவர்கள் அறையைத் தடித்த திரைச்சீலையால் இருட்டாக்குங்கள். தூங்கும் நேரத்தை வீட்டாரிடம் சொல்லிவையுங்கள்.

உறக்கக் குறைவு சாலையில் உயிரையே பறிக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது மூன்று வினாடி கண் அசந்தால், உங்கள் மோட்டார் சைக்கிள் 50 மீட்டர் தூரம் ஓட்டுநர் இல்லாமல் ஓடியதற்குச் சமம். கண் சொருகினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். வேலைக்குத் தாமதமானாலும் பரவாயில்லை.

உணவு. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, பாதி காய்கறியும் பழமும் என்பதே சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் கால்-கால்-அரை முறை. கடையில் சாப்பிட வேண்டியிருந்தாலும் இதைப் பின்பற்றலாம். நாசி லெமாக்கோடு கூடுதல் வெள்ளரிக்காய் கேளுங்கள். தே தாரிக் வேண்டுமானால் சீனியைக் குறைக்கச் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு வேளையாவது, கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு, மென்று, ருசித்து, குடும்பத்தோடு சாப்பிடுங்கள்.

உடல் அசைவு. பெரியவர்களுக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடல் அசைவு தேவை. ஒரு நாளைக்கு 30 நிமிடம் என்று ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடம் ஆகிவிடும். ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்பதில்லை. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தும் நடக்கலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம். பக்கத்து வீட்டுக்காரர் ஓடுகிறார் என்பதற்காக நீங்களும் ஓட வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை, கால்களை நீட்டி மடக்கலாம். மார்பு வலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவ உதவியை நாடுங்கள்.

6. பரிசோதனையை நாள்காட்டியில் குறியுங்கள்

திருமணத்துக்கும் காதுகுத்துக்கும் நாள் குறிக்கிறோம். நம் பரிசோதனைக்கும் ஒரு நாளைக் குறிப்போம்.

அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் மலேசியக் குடிமக்கள் வெளிநோயாளிச் சிகிச்சைக்குச் செலுத்துவது 1 ரிங்கிட்தான். இரத்த அழுத்தத்தையும் இரத்தச் சர்க்கரையையும் அங்கேயே பரிசோதித்துக்கொள்ளலாம். ரஹ்மா ரொக்க உதவி பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களின் துணைவர்களும் 2019-இல் தொடங்கப்பட்ட பெக்கா பி40 திட்டத்தின் கீழ் இலவசமாக உடல்நலப் பரிசோதனை செய்துகொள்ளலாம். இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகளோடு மனநல மதிப்பீடும் இதில் உண்டு. உங்களுக்குத் தகுதி உள்ளதா என்று அருகிலுள்ள கிளினிக் முகப்பில் கேளுங்கள்.

ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள், "இப்போது நன்றாக இருக்கிறேன்" என்று தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். நன்றாக இருப்பதற்கு அந்த மருந்தே காரணமாக இருக்கலாம்.

வேலையிடத்திலும் உங்களுக்கு உரிமைகள் உள்ளன. 2023 ஜனவரி 1 முதல் மலேசிய வேலைவாய்ப்புச் சட்டப்படி, வாராந்தரப் பணி நேரத்தின் உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. வாரத்திற்கு ஒரு முழு ஓய்வு நாள் வேண்டும். ஐந்து மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும். அந்த 30 நிமிடத்தைக் கணினி முன்னால் உட்கார்ந்தபடி கழிக்காமல், எழுந்து சென்று சாப்பிடுங்கள். சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்கு அந்நாட்டுச் சட்டம் பொருந்தும்.

7. வீட்டில் பேசிப் பங்கிடுங்கள்

நம் வீடுகளில் அம்மா கடைசியாகச் சாப்பிடுவார். அம்மா கடைசியாகப் படுப்பார். காய்ச்சல் வந்தாலும் அம்மாதான் ரசம் வைப்பார். இதை அன்பு என்று பாராட்டுகிறோம். ஆனால் அன்பு ஒரு பக்கமிருந்து மட்டும் வந்துகொண்டிருந்தால் அந்தப் பக்கம் களைத்துப்போகும்.

நேரம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். பொதுவாகக் குறைப்பட்டுக்கொள்வதைவிட, எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு நேரம் என்று தெளிவாகக் கேட்டால் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். எடுத்துக்காட்டாக:

"என்னங்க, ஞாயிற்றுக்கிழமை காலையில ஏழரையிலிருந்து எட்டரை வரைக்கும் பிள்ளைங்களையும் அம்மாவையும் நீங்க பார்த்துக்குங்க. நான் நடந்துட்டு வரேன்."

இதைக் கேட்கும் கணவருக்கும் ஒரு சொல்: அந்த ஒரு மணி நேரத்தில் "உப்பு எங்கே இருக்கு?" என்று அவருக்கு ஃபோன் செய்யாதீர்கள். தேடினால் கிடைத்துவிடும்.

ஜொகூரில் இப்போது இதற்கு ஒரு வசதியும் உண்டு. 2014 முதல் 2024 வரை நம் மாநிலத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. சிங்கப்பூரில் வேலை செய்யும் அப்பாவுக்கு ஞாயிறு ஓய்வு என்றால், அன்று பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள். 2025 ஜனவரி 1 முதல் சனியும் ஞாயிறும் விடுமுறையாகிவிட்டன. பல குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மீண்டும் பொதுவான நாளாகியிருக்கிறது. அந்த நாள் முழுவதையும் விருந்து, துணி துவைத்தல், பேரங்காடி என்று நிரப்பிவிடாதீர்கள். ஒரு மணி நேரத்தைக் காலியாக விடுங்கள்.

முதியவரையோ நோயாளியையோ பராமரிப்பவர்கள், வாரத்தில் சில மணி நேரம் பொறுப்பை ஏற்கும்படி உடன்பிறந்தவர்களிடம் கேளுங்கள். "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று எல்லாவற்றையும் சுமந்து நீங்களும் படுத்துவிட்டால், அங்கே இரண்டு நோயாளிகள் இருப்பார்கள்.

8. மகிழ்ச்சிக்கு மதிப்பெண் இல்லை

இதுவரை சொன்னவற்றைப் படித்து, "இன்னும் ஐந்து வேலைகள் கூடிவிட்டன" என்று நீங்கள் நினைத்தால், சற்று நில்லுங்கள். சுயபராமரிப்பு இன்னொரு தேர்வு அல்ல. எத்தனை அடி நடந்தேன், எத்தனை கிலோ குறைந்தேன் என்று எப்போதும் எண்ணிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு சுமையாகிவிடும்.

எந்தப் பயனையும் எதிர்பாராமல், பிடித்திருக்கிறது என்பதற்காகவே ஒன்றைச் செய்யுங்கள். வாசலில் நிதானமாகக் கோலம் போடலாம். ஐந்தடிச் சாடியில் கறிவேப்பிலை வளர்க்கலாம். பழைய பாடல் ஒன்றைக் கண்மூடிக் கேட்கலாம். கோவிலில் சாமி கும்பிட்ட பின் உடனே புறப்படாமல் சற்று உட்காரலாம். மூவாரில் இருப்பவர்கள் தஞ்சோங் எமாஸ் ஆற்றோரத்திலும், ஜொகூர் பாருவில் இருப்பவர்கள் ஹுத்தான் பண்டார் பூங்காவிலும் மாலைக் காற்று வாங்கலாம். ஒன்றும் செய்யாமல் ஐந்தடியில் ஐந்து நிமிடம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் தவறில்லை.

ஒரு வாரம் தவறிவிட்டால் உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். உங்கள் வேகம் உங்களுடையது.

9. உதவி கேட்க வேண்டிய நேரம்

ஓய்வாலும் நடைப்பயிற்சியாலும் மட்டும் தீராத துன்பங்கள் உண்டு. கீழ்க்கண்டவை இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் சுகாதார கிளினிக்கை நாடுங்கள்:

• பெரும்பாலான நேரம் சோகமாக அல்லது வெறுமையாக இருப்பது
• முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமை
• தூக்கமின்மை அல்லது அளவுக்கு மீறிய தூக்கம்
• பசியின்மை, ஓயாத களைப்பு
• தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம்

சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. உங்களையோ பிறரையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால் தனியாக இருக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள் அல்லது 999-ஐ அழையுங்கள். மனநலத்திற்குச் சிகிச்சை பெறுவது பலவீனம் அல்ல. குடும்பத்திற்கு அவமானமும் அல்ல.

10. ஒரு வாரப் பயிற்சி

கீழ்க்கண்டவற்றை நிரப்பி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். குடும்பத்தார் அனைவரின் கண்ணிலும் படட்டும்.

• இந்த வாரம் எனக்கென ஒதுக்கும் நேரம்: ____ கிழமை, ____ மணி முதல் ____ மணி வரை
• அந்த நேரத்தில் நான் செய்யப்போவது: ____
• அப்போது வீட்டுப் பொறுப்பை ஏற்பவர்: ____
• நான் படுக்கைக்குச் செல்லும் நேரம்: ____ (இப்போதையதைவிட 15 நிமிடம் முன்னதாக)
• என் அடுத்த பரிசோதனை நாள்: ____

வாரக் கடைசியில் மூன்று கேள்விகளை உங்களிடமே கேட்டுப் பாருங்கள்: ஒதுக்கிய நேரம் கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றால் எது தடுத்தது? அடுத்த வாரம் எந்த ஒன்றை மாற்றலாம்?

ஐந்தில் ஒன்றை மட்டும் நிரப்பினாலும் போதும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியவில்லை என்றால் கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் தெரியாமல் இன்னொரு மாதம் கழிய வேண்டாம்.

குடும்பத்துக்காக விடியும் முன் எழுகிறீர்கள். அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் நெடுநாள் வேண்டும். இன்று, உங்களுக்காகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.